தாரா (வாத்து) முட்டை சேர்ந்துகொண்டே போகுது, குஞ்சு வேண்டாம், என்ன செய்யிற?

உவர்மலைத் தாராக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலையில எங்கட வளவுல நாலு பெட்டைத் தாராவும் ஒரு ஆணும் நிக்குது. மூண்டு பெட்டையும் அந்த ஆணும் சாதாரண நாட்டுத் தாரா, நாலாவது மட்டும் மூஞ்சியில சிவப்புச் சதை இருக்கிற மஸ்கோவி, அது கத்தாது, உஸ் உஸ்ஸெண்டு மூச்சு மட்டும்தான் விடும். பிள்ளைகள் ஆசைப்பட்டு வளக்கிறதுகள், இறைச்சிக்கும் இல்ல விக்கிறதுக்கும் இல்ல. இப்ப என்னெண்டா மஸ்கோவி தண்ணித் தாங்கிக்குக் கீழ வாழைச்சருகை இழுத்துப் போட்டு, தன்ர நெஞ்சுப் பூமயிரையும் புடுங்கி மெத்தை மாதிரி விரிச்சு அடைக்கு இருக்கப் பாக்குது. கிட்டப் போனா செட்டையை விரிச்சுக்கொண்டு வருகுது. மத்த மூண்டும் விடிய விடிய இட்டுக்கொண்டே இருக்கு.

எங்களுக்குக் குஞ்சு வேண்டாம். வளவு சின்னது, மாரி மழைக்குக் கிணத்தடி முழுக்கச் சேறாப் போயிடும், இன்னும் பத்துப் பன்ரெண்டு வந்தா அதுகளுக்கும் நல்லதில்ல எங்களுக்கும் நல்லதில்ல. ஆனா மாமி சொல்றா ஆண் சேந்த முட்டைக்குள்ள உசிர் இருக்கு, அதை எடுத்துப் பொரிச்சுத் திண்டாப் பாவம், தாயின்ர வயிறு எரியும் எண்டு. எனக்கும் அதைக் கேட்ட நேரத்துல இருந்து முட்டையை எடுக்கக் கை போகுதில்ல. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க: எடுக்கிறது பிழையா, எடுக்கிறதெண்டா எப்ப எடுக்கோணும், அந்த மஸ்கோவியை எப்பிடி எழுப்புறது?

பாலையூற்று டீச்சர்:
மகள், மாமியின்ரது நல்ல மனசு, அதைத் தட்டிக் கழிக்காம விசயத்தை விளங்கப்படுத்தினா அவவே ஏத்துக்கொள்ளுவா.

முட்டை இடுறது வேற, குஞ்சு உருவாகிறது வேற. ஆணே இல்லாட்டியும் பெட்டைத் தாரா இடும், அது அதின்ர உடம்பு ஓட்டம். ஆண் சேந்து இட்ட முட்டையை உடைச்சு ஒரு வெள்ளைத் தட்டுல ஊத்திப் பாருங்க, மஞ்சக்கருவுக்கு மேல ஒரு சின்ன வெளிர் புள்ளி தெரியும். சேராத முட்டையில அது ஒழுங்கில்லாத ஒரு வெள்ளைப் பொட்டு, சேந்த முட்டையில வட்டமா, நடுவுல தெளிவா, சுத்திவர ஒரு வளையம் போட்டது போல இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். ருசியிலயோ சத்திலயோ ஒண்டும் மாறாது. முட்டை வெளிய விழுந்து ஆறினதும் அந்தப் புள்ளி வளராம நிண்டுடும். திருப்பி வளரோணுமெண்டா ஏறக்குறைய 37.5 பாகை சூடு விடாமக் கிடைக்கோணும், நாட்டுத் தாராவுக்கு 28 நாள், மஸ்கோவிக்கு 35 நாள்.

தாய்த் தாரா என்ன செய்யுதெண்டு கவனிச்சிருக்கிறீங்களா? ஒவ்வொரு நாளும் வந்து ஒண்டு இட்டுப்போட்டு எழும்பிப் போயிடும். பத்துப் பன்ரெண்டு சேருமட்டும் அதுகளைச் சும்மா ஆற விட்டுட்டு, சேந்த பிறகுதான் விடாம இருக்கத் தொடங்கும். முதல் நாள் இட்டதும் கடைசி நாள் இட்டதும் ஒண்டாப் பொரிக்கிறது அதனாலதான். அதாவது தாயே அந்த முட்டைகளை இன்னும் தொடங்காத ஒண்டாத்தான் வச்சிருக்கு. அந்தக் கட்டத்துல எடுத்தா ஒரு குஞ்சும் சாகல்ல. பாவம் எண்டு நான் நினைக்கிறது வேற ஒண்டு, எடுக்காம விட்டு அது ரெண்டு மூண்டு கிழமை இருந்து உள்ள உரு வந்த பிறகு தூக்கி எறியிறது. அதை மட்டும் செய்யாதீங்க.

எங்கட ஊர் வெக்கையையும் யோசியுங்க. கச்சான் எண்ட வெக்கைக் காத்து அடிக்கிற மாசங்கள்ல நிழல்லயே 35 பாகைக்குக் கிட்டப் போகுது. அந்தச் சூட்டுல முட்டை ரெண்டு மூண்டு நாள் வெளியில கிடந்தா, தாரா இருக்காமலே கரு அரைகுறையா அசையத் தொடங்கி, முழுசா வளரவும் முடியாம உள்ளயே பழுதாப்போகும். அதால அண்டாடம் எடுங்க, எடுத்த உடன பிரிட்ஜில வையுங்க. அங்க போனா வளர்ச்சிக்கு இடமே இல்ல.

கிண்ணியா நானா:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். டீச்சர் சொன்னது சரி, நான் கை வேலையைச் சொல்றன் தங்கச்சி. எங்கட வீட்டுல வாப்பா காலத்துல இருந்தே தாரா நிக்குது.

நாட்டுத் தாரா அனேகமா விடியச்சாமத்துக்கும் காலமை எட்டு மணிக்கும் இடையிலதான் இடும். ராவைக்குக் கூட்டுல அடைச்சு, காலமை எட்டு எட்டரைக்குத்தான் திறக்கோணும், அப்ப எல்லா முட்டையும் கூட்டுக்குள்ளயே உமிக்கு மேல கிடக்கும், ஒரே எடுப்புல வேலை முடிஞ்சுது. ஆறு மணிக்குத் திறந்தீங்களெண்டா அதுகள் வேலியோரம் தாழம் பத்தைக்குள்ள போய் இடும், நீங்க தேடித் திரிய உடும்பும் கீரியும் முந்திடும், சாரைப்பாம்பும் வரும். மஸ்கோவிக்கு நேரம் காலம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், அதைப் பகல்லயும் ஒருக்காப் பாக்கோணும்.

எல்லா முட்டையையும் துடைச்சு எடுக்காதீங்க. எடுத்துட்டுக் கூட்டை வெறுமனே விட்டா தாரா அந்த இடத்துல நம்பிக்கை இல்லாம வேற ஒளிப்பிடம் தேடும். ஒரு பொய் முட்டை வையுங்க. அவிச்ச முட்டை வைக்கிற ஆக்கள் இருக்கிறாங்க, இந்த வெக்கைக்கு அது நாறிப்போகும். டேபிள் டெனிஸ் பந்து வைக்கலாம், ஆனா பாரம் காணாது, சின்ன ஓட்டை போட்டு மணல் நிரப்பி ஒட்டுங்க. எல்லாத்தையும் விட நல்லது மரத்துல கடைஞ்ச முட்டை, தளபாடம் செய்யிற ஆக்கள்கிட்டக் கேட்டாத் துண்டுப் பலகையில கடைஞ்சு தருவாங்க. வர்ணம் பூசத் தேவையில்ல.

சல்லித் தம்பி:
எனக்கு ஒரு மறுப்பு இருக்கு. குறை நினைக்காதீங்க. அந்தத் தாரா நெஞ்சு மயிரைப் புடுங்கி வச்சு இருக்கிற நேரத்துல மரமுட்டையை வச்சு ஏமாத்துறது நியாயமா? அதுக்கு அடைகாக்கிற ஆசை வந்திருக்கு. ரெண்டு முட்டையாவது விட்டுக் குஞ்சு பொரிக்க விடலாமே, ரெண்டு குஞ்சால என்ன வந்திடப் போகுது?

கிண்ணியா நானா:
தம்பி, உங்கட கேள்வி நல்ல கேள்வி. மரமுட்டை இடுற இடத்தைக் காட்டிக் குடுக்கத்தான், அடைக்கு இருக்கிற தாராவுக்குக் கீழ அதை விடவே கூடாது. அது பொரிக்காத ஒண்டுக்கு மேல 35 நாளும் தாண்டி இருக்கும். நாளைக்கு ஒருக்கா ரெண்டு தரம்தான் எழும்பித் திண்டு குடிக்கும், உடம்பு வத்தும், நெஞ்செலும்பு கையில முட்டும், பேனும் உண்ணியும் ஏறும். கச்சான் காலத்துல தண்ணி காணாமச் செத்துப்போன தாராவும் இருக்கு. அதால குஞ்சு வேண்டாமெண்டா அடையைக் கலைக்கிறதுதான் அந்த உசிருக்குச் செய்யிற உதவி.

தம்பலகாமம் வயற்காரன்:
ரெண்டு குஞ்சு எண்ட கதைக்கு நான் பதில் சொல்றன். குஞ்சுல அரைவாசிக்குக் கிட்ட ஆணாத்தான் வரும். நாலு பெட்டைக்கு ஒரு ஆண் அளவு, ஆறு பெட்டைக்கும் ஒண்டு போதும். அதுக்குள்ள இன்னொரு ஆண் வந்தா ரெண்டும் மாறி மாறிப் பெட்டையை அமத்தி, பிடரி மயிர் முழுக்கப் போய்த் தோல் கிழிஞ்சு, தண்ணிக்குள்ள வச்சே அமுக்கிக் கொல்றதும் நடந்திருக்கு. நான் வயல்ல நத்தை தின்ன விட்டு வளக்கிறவன், எனக்கு இடம் இருக்கு. உவர்மலையில ஒரு சின்ன வளவுல வளந்த ஆண் தாராவை ஆர் எடுக்கப்போறாங்க? கடைசியில கறிச்சட்டிக்குத்தான் போகும். பிள்ளைகள் பேர் வச்சுக் கூப்பிட்ட ஒண்டை அப்பிடி அனுப்ப ஏலுமா?

இன்னொண்டு, தங்கச்சியின்ர ஆண் நாட்டுத் தாரா, அடைக்கு இருக்கிறது மஸ்கோவி. அதுகள் சேந்து கரு பிடிக்கிறதே குறைவு, பிடிச்சு வந்தாலும் அந்தக் கலப்புக் குஞ்சு மலடு.

உவர்மலைத் தாராக்காரி:
எல்லாருக்கும் நன்றி, சரியான உதவியா இருக்கு. டீச்சர் சொன்ன மாதிரி மாமிக்கு முன்னால வச்சே ஒரு முட்டையை உடைச்சுக் காட்டினன், அந்த வட்டத்தைக் கண்ணாடி போட்டுப் பாத்துட்டு இவ்வளவுதானா எண்டு கேட்டா. சூடு படாததை எடுக்கலாம், தாய் இருந்த முட்டையை எனக்குக் காட்டாம எடுக்காத எண்டு சொல்லியிருக்கிறா. இப்ப கேள்வி என்னெண்டா மஸ்கோவிக்குக் கீழ 9 முட்டை கிடக்கு, எத்தினை நாளா விடாம இருக்கெண்டு சரியாத் தெரியாது, நாலஞ்சு நாள் இருக்கும். பூச்சட்டிக்குப் பின்னால வேற 3 முட்டை ஊத்தையாக் கிடக்கு, அது எந்தக் காலத்து முட்டையோ தெரியாது.

பாலையூற்று டீச்சர்:
ஊகிக்காம வெளிச்சம் பிடிச்சுப் பாருங்க. இருட்டின பிறகு அறை லைட்டெல்லாம் அணைச்சு, ஃபோன் டோர்ச்சுக்கு மேல கக்கூஸ் பேப்பர் சுத்தி வாற மட்டைக் குழாயை நிமித்தி வச்சு, முட்டையின்ர அகலப் பக்கத்தை அதுல இருத்துங்க. உள்ள முழுக்க மஞ்சளாத் தெளிஞ்சு, திருப்பக்குள்ள மஞ்சக்கருவின்ர நிழல் மட்டும் மெல்ல உருண்டா ஒண்டும் தொடங்கல்ல. ஏழாம் நாள் அளவுல கரு இருந்தா தவறவே தவறாது, ஒரு கறுத்தப் புள்ளியில இருந்து சிவப்பு நரம்பு நாலாபக்கமும் கிளை விட்டிருக்கும். நாலஞ்சு நாளிலயே மெல்லிசாத் தெரியும். நரம்பு இல்லாம ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிஞ்சா தொடங்கிச் செத்துப்போனது.

9 முட்டையும் தெளிவா இருந்தாத் தயங்காம எடுங்க, ஆனா சாப்பிட வேண்டாம். நாலஞ்சு நாள் தாயின்ர சூட்டுல கிடந்தது, தெளிவாத் தெரிஞ்சாலும் உள்ள கெட்டுத் தொடங்கியிருக்கும், புதைச்சிடுங்க. நரம்பு தெரிஞ்சா முடிவு உங்கட குடும்பத்துல பேசி எடுக்கோணும். நான் எண்டா, ஒரு கிழமைக்குள்ள இருக்கிறதை உடன எடுத்துப் பிரிட்ஜில நல்லாக் குளிர விட்டுப் புதைப்பன். அதுக்கு மேல போய், உள்ள அசைவு தெரியிற அளவுக்கு வளந்திருந்தா எடுக்க மாட்டன், அதைப் பொரிக்க விட்டு இடம் இருக்கிற ஆக்களுக்குக் குடுக்கிறதுதான் சரி எண்டு படுது.

கிண்ணியா நானா:
அந்தப் பூச்சட்டி முட்டை மூண்டையும் குலுக்காதீங்க, கையில தட்டாதீங்க. கூழ்முட்டை வெக்கைக்கு உள்ள வாயு கட்டி வெடிக்கும், வெடிச்சா ரெண்டு நாளைக்கு வளவுல நிக்கேலாது. கரண்டியால மெல்லத் தூக்கிப் பையில போட்டு ஆழமாக் கிடங்கு வெட்டித் தாளுங்க. மேலோட்டமாத் தாட்டா நாய் கிண்டும், முட்டை ருசி கண்ட உடும்பு பிறகு அந்தப் பக்கத்தை விடாது. நல்ல முட்டையா எண்டு சந்தேகம் இருக்கிறதைத் தண்ணியில போட்டுப் பாக்கலாம், புதுசு படுக்கும், பழசு நிமிந்து நிக்கும், மிதந்தா வீசுங்க.

மஸ்கோவியை எழுப்புற விதம் கேட்டீங்க. கோழியை எழுப்ப சில ஆக்கள் தண்ணியில முக்கி எடுப்பாங்க. தாராவுக்கு அது ஒரு வேலையும் செய்யாது, தண்ணி அதின்ர வீடு. அதுக்கு வயித்துக்குக் கீழ காத்துப் போகோணும். கம்பி வலைக் கூடு ஒண்டு, அடியும் வலையா இருக்கிறது, ரெண்டு பக்கமும் கல்லு வச்சு ஒரு சாண் உயத்தி, நிழல்ல, மத்தத் தாரா தெரியிற இடத்துல வையுங்க. வலைக் கண் சின்னதா இருக்கோணும், இல்லாட்டி பாதம் சிக்கும். உள்ள சருகு உமி ஒண்டும் போடக்கூடாது. தீனும் தண்ணியும் நிறைய வையுங்க, பின்னேரம் ஒருக்கா வெளிய விட்டுக் குளிக்க விடுங்க. மூண்டு நாலு நாள் பிடிக்கும். அது கூட்டுல இருக்கிற நேரத்துல தாங்கிக்குக் கீழ இருக்கிற சருகெல்லாம் கூட்டி அள்ளி, ஒரு தகரத்தால அடைச்சு விடுங்க. திறந்து விடக்குள்ள அந்தப் பக்கம் ஓடாம மத்ததுகளோட சேந்து போனா அடை கலைஞ்சுது. ஓடினா இன்னும் ஒரு நாள் வைக்கோணும்.

ஸ்காபரோ மாமா:
மட்டிக்களியில பிறந்து வளந்தவன், இப்ப கனடாவில. இஞ்ச காட்டு வாத்துப் பெருகினா முட்டைக்கு எண்ணெய் பூசித் திருப்பிக் கூட்டுலயே வைப்பாங்க, ஓட்டின்ர நுண்துளை அடைபட்டு உள்ள காத்துப் போகாது, தாய் அறியாம இருந்துகொண்டே இருக்கும். அதுக்கு அரசாங்க அனுமதி வேணும், அது காட்டுப் பறவைக்கான முறை. வீட்டுத் தாராவுக்கு யூடியூப்ல பாத்துட்டு ஆரும் அப்பிடிச் செய்யாதீங்க, நானா சொன்ன மாதிரி சும்மா இருந்து வத்தும். வீட்டுல அண்டாடம் எடுக்க ஏலுமா இருக்கக்குள்ள எண்ணெய் எதுக்கு.

இன்னொண்டு கவனிச்சன். இஞ்ச மாரியில பகல் ஒன்பது மணித்தியாலம்தான், கன தாராக்கள் அந்தக் காலத்துல இடுறதை நிப்பாட்டி உடம்பு தேறும். திருகோணமலையில வருசத்துல மிக நீண்ட பகலுக்கும் குறுகின பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம். அதால அதுகளுக்கு ஓய்வு குறைவு. ராவில வளவு லைட்டைக் கூட்டுப் பக்கம் எரிய விடாதீங்க, வெளிச்சம் கூடினா இடுறதும் கூடும்.

பாலையூற்று டீச்சர்:
மாமா சொன்னதோட சேத்து ஒண்டு. குஞ்சு வேண்டாமெண்டு முட்டையை மட்டும் பாத்துக்கொண்டு இருந்தா காணாது, இடுற உடம்பையும் பாக்கோணும். ஒவ்வொரு ஓட்டுக்கும் சுண்ணாம்புச் சத்து அதின்ர எலும்புல இருந்தும் போகுது. சல்லிக் கடற்கரையில கிடக்கிற சிப்பி ஓட்டை அள்ளி, நல்ல தண்ணியில கழுவிக் காயவச்சு, இடிச்சு, தீனோட கலக்காம வேற சிரட்டையில வையுங்க, தேவையான தாரா தானே வந்து திண்ணும், ஆணுக்கு அது தேவையில்ல. முட்டை ஓட்டையும் திருப்பிக் குடுக்கலாம், ஆனா வறுத்துத் தூளாக்கித்தான், முழுசாப் போட்டா முட்டையைக் கொத்தித் திண்ணப் பழகிடும். ஓடு தோல் மாதிரி மெதுவா வந்தாலோ, தாரா வாலை ஆட்டி ஆட்டி முக்கிக்கொண்டு தின்னாமக் குந்தியிருந்தாலோ முட்டை வெளிய வராம உள்ள இறுகியிருக்கு. கையால அமத்தாதீங்க, உள்ள உடைஞ்சா உசிர் போகும். இளஞ்சூட்டுத் தண்ணித் தொட்டியில இருத்திக்கொண்டே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்க.

உவர்மலைத் தாராக்காரி:
டோர்ச் பிடிச்சுப் பாத்தம், ஒன்பதும் தெளிவு, ஒரு நரம்பும் இல்ல. மாமியும் பக்கத்துல நிண்டு ஒவ்வொண்டாப் பாத்துட்டு எடு எண்டு சொன்னா, தென்னைக்கடியில தாட்டம். மஸ்கோவி இப்ப கம்பிக் கூட்டுல நிக்குது, முதல் நாள் சரியான கோவம், இண்டைக்குத் தீன் திண்ணுது. அண்டாடம் வாற மூண்டு முட்டையைத்தான் இப்ப என்ன செய்யிறதெண்டு தெரியல்ல. வெள்ளிக்கிழமை மரக்கறி, கந்தசஷ்டி ஆறு நாள், கௌரிக் காப்பு எண்டா 21 நாள், அந்த நேரம் வீட்டுல முட்டை உடைக்கவே மாட்டம், ஆனா தாரா விரதம் பாத்து நிப்பாட்டாதே.

கிண்ணியா நானா:
பிரிட்ஜில மூண்டு நாலு கிழமை தாராளமா இருக்கும், தாரா முட்டை ஓடு தடிப்பு. கழுவாம வையுங்க, ஓட்டுக்கு மேல இயற்கையா ஒரு பூச்சு இருக்கு, அதைக் கழுவினாக் கிருமி உள்ள போகும். சேறு பட்டதை மட்டும் உடைக்கிறதுக்கு முன்னால இளஞ்சூட்டுத் தண்ணியில கழுவுங்க, பச்சைத் தண்ணி வேண்டாம், உள்ள சுருங்கி ஊத்தையை உறிஞ்சும். அரை அவியல் வேண்டவே வேண்டாம், தாரா சேத்துல புழங்குறது, சின்னப்பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் வயசாளிக்கும் மஞ்சக்கரு இறுகுமட்டும் வேகோணும். பென்சிலால திகதி எழுதி வையுங்க, பேனா மை உள்ள இறங்கும்.

சேந்துபோனா வட்டிலப்பம்! கோழி முட்டை பத்து எண்டா தாரா முட்டை ஏழெட்டுப் போதும், மஞ்சக்கரு பெருசு, அதால இறுக்கமும் நிறமும் தனி. கித்துள் கருப்பட்டியைச் சீவிக் கெட்டித் தேங்காய்ப்பால்ல கரைச்சு வடிச்சு, அடிச்ச முட்டையோட சேத்து, ஏலமும் கொஞ்சம் சாதிக்காயும் போட்டு, இன்னொருக்கா வடிச்சு ஆவியில மெல்ல அவியுங்க. நெருப்புக் கூடினா ஓட்டை ஓட்டையாப் போகும். எங்கட உம்மா பெருநாளுக்குத் தாரா முட்டைக்கெண்டே சொல்லி வைப்பா. உங்கட பக்கம் விரத நாள்ல மிஞ்சுறதைக் கிண்ணியாவுக்கு அனுப்புங்க, வீணாப் போகாது.

சல்லித் தம்பி:
நானா சொன்னது விளங்குது, என்ர மறுப்பை எடுக்கிறன். சின்ன ஒரு கேள்வி. ஆணை வேற ஆளுக்குக் குடுத்துட்டா இந்தத் தொல்லையே இல்லைத்தானே? இல்லாட்டி மாட்டுக்குச் செய்யிற மாதிரி நலமடிக்க ஏலாதா?

தம்பலகாமம் வயற்காரன்:
நலமடிக்கிறது நடக்காது தம்பி. பறவைக்கு விதை வயித்துக்குள்ள முதுகெலும்போட ஒட்டி இருக்கு, வயித்தைக் கிழிச்சுச் செய்யிற பெரிய சத்திரசிகிச்சை, உசிருக்கு ஆபத்து.

ஆணை அனுப்பினாலும் முட்டை வரும், அடைக்கும் இருக்கும், குஞ்சு மட்டும்தான் வராது. அதுவும் உடன இல்ல, பெட்டையின்ர உடம்புக்குள்ள விந்து தங்கி நிண்டு ரெண்டு கிழமைக்கு மேலயும் கருப்பிடிச்ச முட்டை விழும். அதால ஆண் போய் மூண்டு கிழமை வரைக்கும் பழைய மாதிரியே அண்டாடம் எடுக்கோணும். தங்கச்சியின்ர பெட்டைகளுக்குப் பிடரியில மயிர் நல்லா இருக்கெண்டா ஆணை அனுப்பத் தேவையில்ல, பிள்ளைகளும் அழும். மயிர் போகத் தொடங்கினா வளவைக் குறுக்கால மறிச்சு ஆணை ஒரு பக்கம் விடுங்க. மூண்டடி வலை நாட்டுத் தாராவுக்குக் காணும். மஸ்கோவிப் பெட்டை நல்லாப் பறக்கும், அதுக்கு ஒரு பக்கச் செட்டையில மட்டும் நீள இறகுகளின்ர நுனியை வெட்டிவிடுங்க, ரெண்டு பக்கமும் வெட்டினா திருப்பியும் எழும்பும். தண்டுல ரத்தம் ஓடுற புது இறகு இருந்தா அதைத் தொடாம, முத்தினதை மட்டும் வெட்டுங்க.